சாமி முகத்தில் நிழல் விழலாமா?

பங்குனிப் பொங்கல் நாட்களில் இரவு நேரம் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தால் கண் தானாக மேலே போகும். சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, அதன்மேல் பலகை அடித்து, சின்னச் சின்ன பல்புகளைச் செருகி, மூன்று மாடி உயரத்துக்கு அம்மனை நிறுத்தியிருந்தார்கள். அம்மன் கண்ணை மூடித் திறந்தாள். கையிலிருந்த சூலம் ஏறி இறங்கியது. பக்கத்துச் சாரத்தில் முருகனின் மயில் தோகையை விரித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். தோகை விரிவதற்கு மூன்றே நிலைகள். மடங்கியது ஒன்று, பாதி விரிந்தது ஒன்று, முழுதாக விரிந்தது ஒன்று. மூன்று வரிசை பல்புகள் மாறி மாறி எரிகின்றன, நடுவில் உள்ளதை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது.

சாரத்தின் அடியில் உட்கார்ந்திருந்த சீரியல் செட்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். இப்போது உள்ளே இருப்பது ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு. அவருடைய அப்பா காலத்தில் மர உருளை இருந்ததாம். உருளைமேல் செப்புத் தகட்டைத் துண்டு துண்டாக ஒட்டி, மோட்டாரில் சுற்றவிட்டு, தகடு படும்போது ஒரு வரிசை எரியவும் படாதபோது அணையவும் செய்வார்களாம். “தகட்ட எங்க வெட்டுறோம்ங்கிறதுலதான் தம்பி அம்மன் கண்ண மூடுறதே இருக்கு” என்றார்.

1963-ல் ஜப்பானில் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ கார்ட்டூன் தொடரைத் தொலைக்காட்சிக்காகச் செய்தபோது எடுத்துக்கொண்ட வழியும் இதுதான். சினிமாவில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரையப் பணமும் ஆளும் இல்லை. ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்திவைத்து, வினாடிக்கு எட்டுப் படங்களில் வேலையை முடித்தார்கள். அசைவைக் குறைத்த இடத்தில் வேறு ஒன்று வளர்ந்தது. பாத்திரம் அசையாமல் நிற்கும் நேரத்தில் பார்ப்பவரைப் பிடித்துவைக்கப் பின்னணி ஓவியமும் அதில் விழும் வெளிச்சமும் தேவைப்பட்டன. ஜப்பானிய அனிமேஷனான அனிமே பார்க்கிறவர்களுக்குக் கதையைவிட ஓர் அறையோ, ஜன்னலோ, ரயில் பெட்டிக்குள் விழும் சாயங்கால வெயிலோ அதிகம் நினைவிருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அப்படித்தான். அனிமே இயக்குநர் மகோதோ ஷின்காய் 1999-ல் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்த ஐந்து நிமிடப் படத்தில் ஒரு பெண், ஒரு பூனை, ஒரு சின்ன அறை, கறுப்பு வெள்ளை வெளிச்சம், இவ்வளவுதான் உண்டு. அதைப் பார்த்த பிறகு என் வீட்டு அறையில் எந்த மணிக்கு எங்கே வெயில் விழுகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். நம் வீடுகளின் வெளிச்சத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்த படம் எது என்ற கேள்வி அதிலிருந்து முளைத்தது. தமிழ்நாட்டு வீட்டுச் சுவரில் தவறாமல் தொங்குவது சிவகாசிக் காலண்டர். தீபாவளி வானத்தில் எரிவது சிவகாசி மருந்து. இரண்டும் ஒரே ஊரில் செய்யப்படுகின்றன. நேரு இந்த ஊரைக் ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக இங்கே எல்லோரும் சொல்வார்கள். போய்ப் பார்ப்பது என்று கிளம்பியதற்கு இவ்வளவு போதும்.

மறுநாள் காலை விருதுநகரிலேயே ஒரு பழைய வீட்டுக்கு நண்பர் அழைத்துப் போனார். பருப்பும் மிளகாய் வத்தலும் வியாபாரம் செய்த குடும்பத்தின் வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவாசல், பட்டாசாலை, ஒரு சின்ன வானவெளி, அடுப்படி, கடைசியில் கிணற்றடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. முன்வாசலிலிருந்தும் வானவெளியிலிருந்தும் வருவதுதான் வெளிச்சம். கூரையில் ஓர் இடத்தில் மட்டும் கண்ணாடி ஓடு போட்டிருந்தார்கள். அதன் வழியே இறங்கிய வெயில் சதுரமாகச் சிவப்புத் தரையில் விழுந்து, அங்கிருந்து தெறித்துத் தூணின் அடிப்பகுதியைச் சிவக்க வைத்திருந்தது. தூணின் மேற்பாதியில் இருட்டு. வீட்டு ஆச்சி அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து உட்காருவதாகச் சொன்னார். “லைட்டு போட்டா இதே வேலையில கண்ணு வலிக்கும்யா.”

அந்த மங்கலில் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது தினசரி காலண்டர் அட்டையில் இருந்த முருகன் முகம். கிட்டப் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒரு நிழல்கூட இல்லை. மூக்குக்குக் கீழே இல்லை, தாடைக்குக் கீழே இல்லை, கிரீடத்தின் விளிம்பு நெற்றியில் எந்தக் கோடும் போடவில்லை. வெளிச்சம் நேர் எதிரே இருந்து வருகிறது, தலைக்குப் பின்னாலிருந்தும் வருகிறது. கர்ப்பகிருக இருட்டில் அர்ச்சகர் கற்பூரத்தட்டை முகத்துக்கு நேரே ஏந்தும்போது சில வினாடிகள் மட்டும் கிடைக்கும் வெளிச்சம் அது. காலண்டர் அதை வருஷம் முழுக்க நிறுத்திவைத்திருக்கிறது.

குடிசைக்கு இலவசமாக ஒரு விளக்கு, அதுவும் 40 வாட், என்ற திட்டத்தில் மின்சாரம் வந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. அந்தக் குண்டு பல்பின் மஞ்சளில் நீலம் மங்கும், சிவப்பும் பொன்னும் எழுந்து நிற்கும். பழைய சாமி படங்களில் சிவப்புக்கும் பொன்னுக்கும் கிடைத்த இடம் அந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் முழுக்கப் புரியும். இன்று அதே வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. எரிகிறது. மூலைமுடுக்கெல்லாம் ஒரே வெள்ளை. படம் வெள்ளையில் கரைந்து சுவரோடு சுவராகிவிடுகிறது. ஆச்சி வீட்டிலும் அப்படி ஒரு டியூப் பட்டாசாலை நடுவில் இருக்கிறது. பேரன்கள் வந்தால் போடுவார்களாம்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் சாலையில் இரண்டு பக்கமும் கரிசல், சீமைக் கருவேலம். மழை குறைந்த பூமி. காய்ந்த காற்றும் நாள் தவறாத வெயிலும்தான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே நிலைக்க வைத்தன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிமேல் ஒட்டப் படச்சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர் வந்தது. நெருப்பை விற்பதற்காகப் படம் போடத் தொடங்கிய ஊர் இது.

நான் பார்க்க அனுமதி கிடைத்தது நாக்பூரில் இருக்கும் மத்திய வெடிபொருள் துறையின் உரிமம் பெற்ற ஒரு பட்டாசு ஆலை. வாசலிலேயே கைபேசி, சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஓர் ஊர் போலத் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள், நடுவே வெற்றிடம். அறைகளில் மின்கம்பி இல்லை, விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. மருந்து இருக்கும் இடத்தில் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை நடக்கலாம் என்பது விதி. நாலு பக்கமும் வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள். வெடித்தால் ஓடுவதற்காக வைத்த கதவுகள்தான் உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் தருகின்றன. இரவு வானத்துக்கு நிறம் செய்கிறவர்கள் வேலை நேரத்தில் ஒரு விளக்கைக்கூடப் பார்ப்பதில்லை.

அனுமதித்த தூரத்தில் நின்று ஓர் அறையைக் கவனித்தேன். நான்கு பேருக்கு மேல் உள்ளே கூடாது, நான்கு பேர்தான் இருந்தார்கள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்த அக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியாக இருந்தன. கிழக்குக் கதவு வழியே வெயில் நேரே அந்தக் கைகளில் விழுந்தது. அவர் கையை அசைக்கும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு ஓடியது. சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர், ஈரக் கோணி, ரப்பர் விரிப்பு, பழுப்புக் காகிதக் குழாய்கள் அடுக்கிய சட்டம். நேர் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும். எந்த அனிமே பின்னணி ஓவியரும் இந்த அறையை அப்படியே எடுத்துக்கொள்வார்.

அழகு என்று எழுதும்போதே தயக்கமாக இருக்கிறது. வெயில் ஏற ஏற அறைக்குள் வெக்கை தாங்க முடியாது. மரத்தடி நிழலில் உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று மனசு கேட்கும், அது விதிமீறல். அளவுக்கு மேல் ஆளும் மருந்தும் சேர்ந்த இடங்களில்தான் பெரிய சாவுகள் நடந்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்தில் வெடிவிபத்துச் செய்தி இல்லாமல் ஓர் ஆண்டு கழிவதில்லை. நாம் மொட்டைமாடியில் நின்று பார்க்கும் சில வினாடி வெளிச்சத்துக்கு இவர்கள் அணிந்திருக்கும் பாதுகாப்பு ஒரு பருத்திச் சேலையும் வெறுங்காலும்தான். அந்தக் கதவுகள் நாலும் எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும், எதன் முன்னாலும் ஒரு பெட்டியைக்கூட அடுக்கிவைக்கக் கூடாது. இதைச் சத்தமாகச் சொல்லாமல் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நிறத்தைப் பற்றி போர்மேன் பேசினார். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்கு சோடியம், வெள்ளைக்கு அலுமினியமும் மக்னீசியமும், பொன்னிறத்துக்குக் கரியும் இரும்பும். நீலம்தான் கடினம். செம்பிலிருந்து நீலம் வரும், ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் கொடுக்கும் சேர்மம் சிதைந்து வெளுத்துவிடும். பச்சைக்குப் பேரியம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018-ல் புகை குறைந்த பசுமைப் பட்டாசு உத்தரவு போட்டுப் பேரியம் உப்பைத் தடை செய்தது, 2021 அக்டோபர் 29-ல் அந்தத் தடையை மறுபடி உறுதி செய்தது. 2023-ல் ஆலைக்காரர்கள் கேட்ட விலக்கும் கிடைக்கவில்லை. பேரியம் இல்லாமல் தெளிவான பச்சை எடுப்பது பெரும்பாடு. கம்பி மத்தாப்புக்கும் பேரியம் நைட்ரேட்தான் அடிப்படையாக இருந்தது. “எங்கப்பா காட்டுன பச்சைய நான் என் மகனுக்குக் காட்ட முடியல சார். புகை குறையணும்ங்கிறதும் நியாயம்தான்” என்றார் அவர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் அவர்மேல் மரியாதை கூடியது.

ஜப்பானியரின் வாணவேடிக்கையும் ஒரு காலத்தில் கரியின் செம்பொன் நிறத்தில் மட்டும்தான் இருந்தது. மெய்ஜி காலத்தில் மேற்கிலிருந்து ரசாயனங்கள் வந்த பிறகுதான் பல நிறம் வந்தது. அனிமேயில் கோடை விடுமுறை என்றால் வாணவேடிக்கைக் காட்சி கட்டாயம் உண்டு. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வாணம் உருண்டையா, தட்டையா என்று பையன்கள் சண்டை போடுவதையே மையமாக வைத்து இயக்குநர் ஷுன்ஜி இவாய் 1993-ல் ஒரு தொலைக்காட்சி நாடகம் எடுத்தார். 2017-ல் அது அனிமே படமாகவும் வந்தது.

அந்தச் சண்டைக்கு சிவகாசி அச்சகத்தில் தினமும் ஒரே பதில்தான். வாணம் தட்டை. தாளில் வேறு எப்படி இருக்க முடியும்?

பிற்பகல் முழுக்க ஒரு நடுத்தர அச்சகத்தில் இருந்தேன். ஜப்பானின் கோமோரி நாலு கலர் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்துகொண்டிருந்தவை வானத்தில் வெடிக்கும் பேன்சி ரகப் பெட்டிக்கான சீட்டுகள். கருநீல வானம், நடுவில் பெரிய பூ, கீழே மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தைகள். மெஷின்காரர் ஒரு தாளை உருவி லென்ஸை வைத்துக் கொடுத்தார். பூவின் நடுவில் மிகப் பிரகாசமாகத் தெரிந்த இடத்தில் மையே இல்லை. வெறும் தாள். அச்சில் தாளின் வெள்ளையைவிடப் பெரிய வெளிச்சம் கிடையாது. அதை நெருப்பாகக் காட்ட வேண்டுமானால் சுற்றிலும் இருட்டைக் கூட்ட வேண்டும். அதற்காகத்தான் கறுப்புக்கு அடியில் நீலத்தையும் ஓட்டுகிறார்கள், தனிக் கறுப்பு சாம்பல் தட்டிப்போகும். சீட்டில் பச்சைப் பூ ஒன்றும் விரிந்திருந்தது. நீல மையும் மஞ்சள் மையும் சேர்ந்தால் போதும், தாளில் பேரியம் தேவையில்லை.

பிலிம் காலத்து அனிமேக்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். வாணம், மின்னல், விளக்கு எது வந்தாலும் கறுப்பு மறைப்பில் அந்த வடிவத்துக்கு மட்டும் திறப்பு விட்டு, அடியிலிருந்து விளக்கைப் போட்டு, அதே பிலிமில் இரண்டாவது முறை படம்பிடிப்பார்கள். அந்த ஒளி வரைந்ததல்ல, உண்மையான விளக்கு. சிவகாசியிலும் அதே காலத்தில் பிலிம் பாசிட்டிவை அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வைத்து, தூரிகையால் புள்ளி புள்ளியாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மேசை இந்த அச்சகத்தின் மூலையில் காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்.

மாடியில் டிசைன் அறை. ஆடி 18 அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்கான படங்கள் பங்குனி, சித்திரையிலேயே தயாராகத் தொடங்கிவிடும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரு மேசை விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தமிழில் பேசும் டோரேமானையும் ஷின்சானையும் பார்த்து வளர்ந்தவன். கைபேசியில் தன் வீட்டு அறையைக் காட்டினான். பத்துக்குப் பத்து அறை, கூரை ஓரமாக எல்.இ.டி. பட்டி ஒட்டி ஊதா நிறத்தில் எரியவிட்டிருக்கிறான், ஜன்னல் பக்கம் ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று. “மேல டியூப்ப போட்டா அது வெறும் ரூமு சார். இத போட்டா கதை நடக்கிற எடம் மாதிரி ஆயிடும்.” அவனுடைய அம்மாவுக்கு அது கண்ணைக் கரிக்கிறதாம்.

கற்பனையில் வரைந்த ஒரு வீட்டில் வாழும் ஆசை அவனுக்கு மட்டும் உரியதல்ல. அனிமே இயக்குநர் மியாசாகியின் ‘டோடோரோ’ 1988-ல் வந்தது. கசுவோ ஓகா கலை இயக்கம் செய்த அந்தப் படத்தின் வீட்டை 2005-ல் ஜப்பானின் ஐச்சியில் நடந்த உலகக் கண்காட்சிக்காக உண்மையாகவே மரத்தில் கட்டி வைத்தார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். நம் ஊரிலும் இது நடந்துதான் இருக்கிறது. காலண்டர் மகாலட்சுமியின் பொன்னிறமும் ஒளிவட்டமும்தான் பூஜையறைக் கதவு, பின்னால் எரியும் விளக்கு, கல்யாண மேடை என்று எல்லா இடத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எங்கும் நிழலில்லாமல் பளிச்சென்று இருப்பதே மங்கலம் என்ற எண்ணம் எலெக்ட்ரிக் கடையில் மட்டும் வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. சுவரில் தொங்கிய படமும் அதைப் பழக்கியிருக்கிறது.

பையன் திரையில் முருகன் படம் ஒன்றை விரித்தான். மலைப்படி, சாயங்காலம், இடப்பக்கத்திலிருந்து வரும் தாழ்ந்த வெயில். வலது கன்னம் நிழலில் இருந்தது. நிழல் கறுப்பாக இல்லை, மயில் தோகையின் பச்சை அதில் லேசாக ஏறியிருந்தது. ஷின்காய் 2013-ல் எடுத்த ‘கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’ படத்தில் மழைக்காலப் பூங்காவின் பச்சை பாத்திரங்களின் முகத்தில் இப்படித்தான் படியும். எங்கே பிடித்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அவனும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

அச்சக முதலாளி மேலே வந்தார். அறுபதைத் தாண்டியவர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி மூஞ்சியில நிழல் விழலாமாப்பா?”

“வெயில் அந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி. விழத்தானே செய்யும்?”

“மனுசனுக்கு விழும். அவருக்கு எப்படி விழும்? வெளிச்சமே அவருட்ட இருந்துதானப்பா வருது.”

பையன் விடவில்லை. அனிமேயில் ராமனுக்கே நிழல் உண்டு என்றான். யுகோ சாகோ முன்னின்று ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து செய்த ராமாயண அனிமே அது. 1992-ல் முடிந்த படம், 2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்தது. கண்ணாடித்தாளில் வரைந்து பூசும் செல் அனிமேஷனில் எந்த உருவத்துக்கும் உடல்நிறம் ஒன்று, நிழல்நிறம் ஒன்று என்று பிரித்துப் பூசுவதுதான் வழக்கம். அண்ணாச்சி அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. “அது சினிமா. ரெண்டு மணி நேரத்துல போயிரும். இது வருஷம் முன்னூத்தறுபத்தஞ்சு நாளும் வீட்டுல தொங்கும்” என்றார். மண்டிக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் தங்கள் பெயரைப் போட்டு இனாமாகக் கொடுப்பதற்காக வாங்குகிறார்கள், தாழ்வாரத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆல்பத்தில் அந்த நம்பரைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்றார்.

பையன் இரண்டு புரூஃபை எடுத்தான். ஒன்று நிழல் போட்டது, இன்னொன்று வழக்கமானது. கீழே நிறம் சரிபார்க்கும் மேசையில் வைத்தோம். அங்கே எரிவது 5000 கெல்வின் விளக்கு, அச்சு உலகம் நிறம் பார்க்க ஏற்றுக்கொண்ட வெளிச்சம். இரண்டும் நன்றாக இருந்தன. பிறகு அலுவலக அறையின் வெள்ளை டியூபுக்குக் கீழே சுவரில் ஒட்டினோம். வழக்கமான படம் வெளுத்துத் தெரிந்தது, நிழல் படம் சுவரிலிருந்து எழுந்து நின்றது. பையன் முகத்தில் வெற்றி தெரிந்தது. அண்ணாச்சி பேசாமல் இரண்டையும் உருவிக்கொண்டு போய், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பூஜையறையில் குத்துவிளக்குக்குப் பின்னால் சாத்தினார். நிழல் படத்தில் பாதி முகம் இருட்டோடு போய்விட்டது. மற்றதில் முருகன் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் என் மனம் அண்ணாச்சி பக்கம் சாய்ந்தது. கண் மட்டும் டியூபுக்குக் கீழே பார்த்ததை மறக்கவில்லை.

அண்ணாச்சி பீரோவைத் திறந்து நைந்துபோன ஓர் அச்சுப் படத்தை எடுத்தார். கொண்டையராஜு வழிப் படம் என்றார். சி. கொண்டையராஜு மயிலாப்பூரில் 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு தெற்கே வந்து பக்கத்துக் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், எஸ். மீனாட்சிசுந்தரம் என்று சீடர்களோடு அவர் வரைந்தவை சிவகாசியில் அச்சாகித் தென்னாட்டு வீடுகளுக்கெல்லாம் போயின. 1976-ல் இறந்தார். எல்லோரும் அவர் படங்களில் முகத்தைத்தான் பேசுவார்கள். அண்ணாச்சி கையில் இருந்ததில் நான் பின்னணியைப் பார்த்தேன். தூரத்து மலை, அந்தி வானம், ஓடை நீரில் கடைசி வெளிச்சம். நாடகத் திரை எழுதிய கையின் வேலை. முன்னால் நிற்கும் தெய்வத்துக்கு மட்டும் தனி வெளிச்சம், பின்னால் உலகம் தன் பாட்டுக்கு இருட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் விதியும் பையனின் ஆசையும் ஒரே தாளில் இருந்தன.

பையனும் அதைத்தான் பார்த்திருக்கிறான். ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனான். நாங்கள் டீ குடித்துவிட்டுப் போனபோது முகத்தின் நிழலை எடுத்திருந்தான். வலது தோள், வேல், மயிலின் முதுகு, படிக்கட்டு எல்லாம் சாயங்காலத்திலேயே இருந்தன. கன்னத்து ஓரத்தில் மட்டும் ஒரு நூல் பச்சையை விட்டுவைத்திருந்தான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தப் பச்சையைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஆல்பத்தில் இதற்கும் பழைய மாதிரிக்கும் அடுத்தடுத்து நம்பர் கொடுக்கச் சொன்னார். டீலர்கள் எதைக் கேட்கிறார்களோ அதற்குத்தான் அட்டை வாங்குவதாம்.

“வானத்துல கறுப்ப மட்டும் ஒரு பத்து பர்சென்ட் குறைப்பா. லேமினேஷன் ஏறுனா இன்னும் இருட்டிரும்” என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினார்.